முகம் காட்டுவது கடமை அல்ல

இணையக் குழுக்கள் பலவற்றில் ஒரு விதி ஓசையில்லாமல் நிலைபெற்றுவிட்டது: சொந்த முகத்தை முகப்புப் படமாக வைக்காதவர்களுக்கு இடம் இல்லை. மாடித்தோட்டக் குழு, போட்டித் தேர்வுக்குப் படிப்போர் குழு, பழைய பாடல் ரசிகர்கள் குழு, வாசகர் வட்டம் என எதில் சேரப் போனாலும், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறிய வட்டத்தைத்தான் நிர்வாகி முதலில் பார்க்கிறார். அதில் பூவோ பொம்மையோ இருந்தால் போலிக் கணக்கு என்ற சந்தேகம் எழுகிறது. விதியாக எழுதி வைக்காத இடங்களிலும் இந்த எதிர்பார்ப்பு உறுப்பினர்களின் பேச்சில் இருக்கிறது. நல்ல நோக்கத்தில் பிறந்த எதிர்பார்ப்புதான். மோசடிக்காரர்களும் வசைபாடுவோரும் மலிந்த இடத்தில், முகத்தைக் கேட்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு என்று நிர்வாகிகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஆதாரத்தின் முன் நிற்கவில்லை. ஒரு பொது ஆர்வத்துக்காக முன்பின் அறியாதவர்கள் கூடும் இடத்தில், முகப்புப் படம் செய்ய வேண்டிய வேலையை முகத்தைவிட நாமே உருவாக்கிய ஓர் அடையாளக் குறி நன்றாகச் செய்யும். முகம் இழுத்துவரும் கேடுகளை அது இழுத்துவராது. ஆகவே, முகம் காட்டுவது உறுப்பினரின் விருப்பமாக மட்டுமே இருக்க வேண்டும். அதை நிபந்தனையாக்குவது தவறு.

அந்தப் படத்தின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். நூறு பேர் எழுதும் ஒரு தோட்டக் குழுவில், போன மாதம் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் சொன்னவரும் இன்று மண்கலவை பற்றிப் பேசுகிறவரும் ஒருவர்தானா என்பது படிப்பவருக்கு உடனே தெரிய வேண்டும். அவர் முன்பு சொன்னது பலித்திருந்தால் இப்போது சொல்வதை நம்பலாம். பொய்த்திருந்தால் கவனமாக இருக்கலாம். பெயரைப் படிப்பதற்கு முன்பே கண் படத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, 'அதே ஆள்தான்' என்று காட்டுவதே அதன் தலையாய வேலை. தெரிந்தவர்களின் முகத்தை எந்தப் படத்திலும் கண்டுகொள்கிறோம் என்பதால், முகம் இந்த வேலையை நன்றாகச் செய்யும் என்று நினைத்துவிடுகிறோம். அறியாதவர்களின் முகத்தில் நிலைமை வேறு. ராப் ஜென்கின்ஸ் உள்ளிட்ட பிரிட்டன் உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நெதர்லாந்தின் பிரபலங்கள் இருவரின் 40 படங்களைக் கொடுத்து ஆள்வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். அந்த இருவரை அறியாத பிரிட்டன்காரர்கள், அவை ஏழெட்டுப் பேரின் படங்கள் என்று பிரித்து வைத்தார்கள். அவர்களை அறிந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு அந்தத் திணறல் இல்லை. முகப் படம் ஒருவரை ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் அடையாளம். அறியாதவர்கள் நடுவில், தாடி வளர்த்து, கண்ணாடி மாற்றி, வேறு வெளிச்சத்தில் எடுத்த புதிய படத்தை வைத்தவுடன் அவர் புதிய ஆளாகிவிடுகிறார்.

குறி இந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்யும் என்பதற்கு இந்தியத் தேர்தலைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, பெட்டிக்கு ஒரு சின்னம் ஒட்டினார்கள். வேட்பாளரை நேரில் பார்த்திராத கோடிக்கணக்கானோர் தாம் தேடிய பெட்டியைச் சின்னத்தைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டில் உதயசூரியனும், 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அறிமுகமான இரட்டை இலையும் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. வேட்பாளர்களும் தலைவர்களும் மாறினாலும் வாக்காளர் தடுமாறுவதில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் புகைப்படம் வந்தது 2015-இல்தான். அதுவும் ஒரே பெயரில் பலர் நிற்கும் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக வந்தது. சின்னத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் முந்தைய வரலாற்றில் புலியும் கயலும் வில்லும் காசுகளிலும் முத்திரைகளிலும் மூவேந்தரை அடையாளம் காட்டின. இவற்றுக்கெல்லாம் பொதுவான இயல்புகள் நான்கு: கோடுகள் குறைவு, மற்றதிலிருந்து தெளிவான வேறுபாடு, சிறிதாக்கினாலும் சிதையாத வடிவம், ஆண்டுக்கணக்கில் மாறாமை. கைப்பேசித் திரையில் விரல்நகத்தைவிடச் சிறியதாகத் தெரியும் வட்டத்துக்குத் தேவையானவையும் இவையே. பல்லாயிரம் நிழல்களும் வளைவுகளும் கொண்ட மனித முகம் அந்த அளவில் ஒரு பழுப்புப் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

முகம் அடையாளம் காட்டுவதில் பின்தங்கினாலும், இன்னொரு வேலையை மிக வேகமாகச் செய்கிறது. பார்ப்பவரை அது தீர்ப்பு எழுத வைக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜனீன் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறியாத ஒரு முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே போதும். இவர் நம்பத்தகுந்தவரா, திறமைசாலியா என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. கூடுதல் நேரம் கொடுத்தால் முடிவு பெரிதாக மாறுவதில்லை. அந்த முடிவின் மீதான உறுதிதான் கூடுகிறது. ஒரே ஆளின் வெவ்வேறு படங்கள் வெவ்வேறு தீர்ப்புகளைப் பெறுகின்றன என்பதையும் டோடோரோவ் பின்னர் காட்டினார். எனவே அந்தத் தீர்ப்பு ஆளைப் பற்றியது என்பதைவிட, அந்தக் கணத்தின் வெளிச்சத்தையும் கோணத்தையும் பற்றியது என்பதே சரி. நம் ஊரில் ஒரு முகத்திலிருந்து மனம் படித்துக்கொள்பவற்றை எண்ணிப் பாருங்கள். நிறம், வயது, ஆணா பெண்ணா, நெற்றியில் திருநீறா நாமமா, தலையில் தொப்பியா முக்காடா, கழுத்தில் சிலுவையா, உடுத்தியிருப்பது எந்த வசதிக்காரரின் உடை. மாவுப்பூச்சிக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் யாருடைய கேள்விக்குப் பதில் வரும், யாருடைய யோசனை கண்டுகொள்ளப்படாமல் கடந்துபோகும், யாருக்குத் தனிச்செய்தியில் தொல்லை தொடங்கும் என்பதை இவை தீர்மானிக்கத் தொடங்கிவிடுகின்றன.

இது வெறும் ஊகம் என்று சொல்ல முடியாதபடி, பணத்தில் அளந்த சான்று இருக்கிறது. வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில், வீட்டுக்காரர்களின் முகப் படம் நம்பிக்கையை வளர்க்கும் என்ற எண்ணத்தில் முன்னிறுத்தப்பட்டது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பெஞ்சமின் எடல்மேனும் மைக்கேல் லூக்காவும் நியூயார்க் நகரத்து விளம்பரங்களை ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தரமான இடத்துக்கு, கறுப்பினத்தவர் அல்லாத வீட்டுக்காரர்கள் கறுப்பின வீட்டுக்காரர்களைவிடச் சுமார் 12 சதவீதம் கூடுதல் வாடகை பெற்றார்கள். நம்பிக்கைக்காக வைத்த படம் பாகுபாட்டுக்கு வாசலாகிவிட்டது. விருந்தினரின் படத்தை முன்பதிவு உறுதியான பிறகுதான் வீட்டுக்காரர் பார்க்க முடியும் என்று 2018-இல் அந்த நிறுவனமே விதியை மாற்றியது. இணையக் குழுக்களில் வாடகை இல்லை. கவனமும் மரியாதையும்தான் அங்கே புழங்கும் செல்வம். அதைப் பங்கிடும்போதும் இதே மனங்கள்தான் வேலை செய்கின்றன. எழுத்தை வைத்து மட்டும் ஒருவரை மதிக்க இணையம் ஓர் அரிய வாய்ப்பைத் தந்தது. முகத்தைக் கட்டாயமாக்கி, தெருவில் உள்ள அத்தனை ஏற்றத்தாழ்வுகளையும் அந்த வாய்ப்புக்குள் நாமே கொண்டுவந்து இறக்குகிறோம்.

பாகுபாட்டைவிடக் கொடிய விளைவும் உண்டு. 2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டு நாளிலும், 'சுல்லி டீல்ஸ்', 'புல்லி பாய்' என்ற பெயர்களில் கிட்ஹப் தளத்தில் இரண்டு செயலிகள் வந்தன. முஸ்லிம் பெண்கள் பலரின் படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து எடுத்து, அவர்களை 'ஏலம்' விடுவதாகக் காட்டி இழிவுசெய்தார்கள். பத்திரிகையாளர்களும் செயல்பாட்டாளர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்கள் செய்தது பொதுவெளியில் தம் முகத்தோடு பேசியது மட்டுமே. தனி ஆட்களின் வக்கிரம் இப்படி என்றால், நிறுவனங்களின் பசி அளவில் இன்னும் பெரியது. கிளியர்வியூ ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் பேஸ்புக், யூடியூப் முதலான தளங்களிலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களைச் சுரண்டி, முகத்தைக் காட்டினால் ஆளைச் சொல்லும் கருவியைக் காவல்துறைகளுக்கு விற்றது 2020 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2024-இல் அதற்கு 3.05 கோடி யூரோ அபராதம் விதித்தது. பேஸ்புக் தன் முகமறியும் வசதியை 2021-இல் நிறுத்தியபோது அழிப்பதாக அறிவித்த முகப் பதிவுகள் மட்டும் 100 கோடிக்கு மேல். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஓரளவு உண்மைதான். வெட்டி ஒட்டிச் சிதைத்த படங்கள், ஆள்மாறாட்டம் ஆகியவற்றைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லின. இணையவழிப் பண மோசடியை 1930 என்ற எண்ணில் உடனே தெரிவிக்க ஏற்பாடு இருக்கிறது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் படித்தால் ஒன்று விளங்கும். ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த தனிப்பட்ட தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. யாரும் பார்க்கும்படி முகப்புப் படமாக வைத்த முகம் இந்த விலக்குக்குள் வந்துவிடுகிறது. ஒரு குழு நிர்வாகி 'முகம் வை' என்று வற்புறுத்தும்போது, உறுப்பினர் தம் உரிமை ஒன்றை விட்டுக்கொடுக்கும்படி செய்கிறார். அதைப் பெரும்பாலும் இருவருமே அறிவதில்லை. படங்களைப் பதிவிறக்கித் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற இந்தியப் பெண்களின் அச்சத்தைக் கண்டுதான், பேஸ்புக் 2017 ஜூனில் முகப்புப் படத்துக்கான காப்பு வசதியை முதன்முதலில் இந்தியாவில் கொண்டுவந்தது. படத்தின் மேல் ஓர் அலங்கார அடுக்கு இருந்தாலே அதை நகலெடுப்போர் 75 சதவீதமாவது குறைகிறார்கள் என்று தன் தொடக்கச் சோதனைகளைக் கொண்டு அந்நிறுவனம் சொன்னது. முகத்தின் மேல் ஒரு கோலம் போட்டாலே இவ்வளவு பயன் என்றால், முகமே வைக்காமல் இருப்பதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. முகம் மறைத்தவனுக்குக் கூச்சம் இருக்காது, வாய்க்கு வந்ததைப் பேசுவான், முகம் இருந்தால்தான் பொறுப்பு இருக்கும் என்பார்கள். இதை ஒரு நாடே சோதித்துப் பார்த்தது. இணைய வசையைக் கட்டுப்படுத்த, பெரிய தளங்களில் எழுதுவோர் தம் உண்மையான அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று தென்கொரியா 2007-இல் சட்டம் கொண்டுவந்தது. அப்படி அடையாள விவரங்கள் குவிந்து கிடந்த சூழலில், 2011-இல் ஒரே ஊடுருவலில் சுமார் 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் களவுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. நம் கண்ணெதிரிலும் சான்று இருக்கிறது. சொந்தப் பெயரும் சொந்த முகமும் குடும்பப் படமும் வைத்துக்கொண்டே சாதி வெறியையும் பெண் வெறுப்பையும் கொட்டுபவர்கள் பேஸ்புக்கில் எத்தனை பேர்? கூட்டத்தின் கைதட்டல் கிடைக்கும் இடத்தில் முகம் யாருக்கும் தடையாக இருப்பதில்லை.

போலிகளைத் தடுக்க முகம் உதவும் என்ற வாதம் இதைவிட வலுவற்றது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய, உலகில் இல்லாத மனிதர்களின் முகங்களையும் உண்மை முகங்களையும் கலந்து காட்டிய சோஃபி நைட்டிங்கேல், ஹானி ஃபரீத் ஆகியோரின் ஆய்வு 2022-இல் வெளியானது. எது உண்மை என்று பங்கேற்பாளர்கள் சரியாகச் சொன்னது 48 சதவீதம் மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவு தேறும். அதோடு, பொய் முகங்களே சற்றுக் கூடுதலாக நம்பத்தகுந்தவையாகத் தோன்றின. உயரதிகாரியின் படத்தை முகப்புப் படமாக வைத்து, அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் பரிசு அட்டை வாங்கி அனுப்பச் சொல்லும் மோசடி பற்றித் தமிழகக் காவல்துறையே எச்சரித்திருக்கிறது. அந்த மோசடி பலிப்பதற்குக் காரணமே, முகத்தைப் பார்த்தவுடன் நம்பும் பழக்கம்தான். ஆக, முகக் கட்டாயம் மோசடிக்காரனைத் தடுப்பதில்லை; நேர்மையானவரின் முகத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. நம்பிக்கை எதிலிருந்து வளர்கிறது என்பதற்கு 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். அங்கே பெயருக்குப் பக்கத்தில் முகம் என்ற ஏற்பாடே இல்லை. ஒவ்வொரு திருத்தமும் யார் எப்போது செய்தது என்ற வரலாறு மட்டும் அழியாமல் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுந்திருக்கின்றன. புனைபெயர் கோழைத்தனம் என்பவர்கள், கல்கியும் புதுமைப்பித்தனும் சுஜாதாவும் புனைபெயர்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தப் பெயர்களுக்கு மதிப்பைத் தேடித் தந்தது தொடர்ந்து எழுதிய எழுத்து.

இரண்டாவது மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைப்பது. பெண்கள் பலர் ஏற்கெனவே அச்சத்தால் பூவையும் குழந்தையையும் சாமி படத்தையும் வைத்து ஒளிந்திருக்கிறார்கள். முகத்தைத் தவிர்க்கச் சொல்வது அந்த அச்சத்துக்கு அங்கீகாரம் கொடுப்பது ஆகாதா, குற்றவாளியை விட்டுவிட்டுப் பெண்ணை வீட்டுக்குள் இருக்கச் சொல்லும் பழைய புத்திமதியின் புது வடிவம் ஆகாதா என்று கேட்கலாம். பெண்களுக்கு மட்டும் இதைச் சொன்னால் அப்படித்தான் ஆகும். ஆகவேதான் இதை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக்க வேண்டும் என்கிறேன். ஒரு குழுவில் ஆண்கள் எல்லோரும் முகம் வைத்து, பெண்கள் மட்டும் பூ வைத்திருந்தால், பூவே 'இங்கே ஒரு பெண் இருக்கிறாள்' என்ற அறிவிப்பாகிவிடுகிறது. ஆண்களும் முதியவர்களும் நிர்வாகிகளும் குறிகளை வைத்துக்கொள்ளும் குழுவில், குறிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்ற ஆராய்ச்சிக்கே இடம் இராது. பேச்சு பேசுபொருளைப் பற்றியதாகிவிடும். முகத்தோடு நிற்க விரும்பும் பெண்ணுக்கு அந்த உரிமை முழுமையாக உண்டு. அதைத் தவறாகப் பயன்படுத்துபவனைத் தண்டிப்பது அரசின் கடமை. அந்தப் பொறுப்பை அவள் தலையில் ஏற்றக் கூடாது. ஆனால் சட்டம் தன் கடமையைச் சரிவரச் செய்யும் நாள் வரை, கத்தரிச் செடியைப் பற்றிக் கேட்பதற்கான நுழைவுக் கட்டணமாக முகத்தைக் கேட்பது எந்த வகையிலும் பெண் விடுதலை ஆகாது.

முகம் தேவைப்படும் இடங்களை நான் மறுக்கவில்லை. இணையவழியில் மருத்துவம் பார்ப்பவர், வழக்கறிஞர், மக்கள் பிரதிநிதி, வேலை தேடும் தளத்தில் தம்மை முன்வைப்பவர், திருமணத்துக்கு வரன் தேடுபவர் ஆகியோரிடம் முகத்தை எதிர்பார்ப்பது நியாயம். அங்கே இணைய உறவு நேருறவாக மாறப்போகிறது, அல்லது ஒருவரின் பதவிக்கும் தகுதிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே அடுக்ககத்தில் குடியிருப்போரின் குழுவிலும், கதவைத் தட்டப்போவது யார் என்று தெரிய வேண்டும் என்பது புரிந்துகொள்ளக்கூடிய தேவை. அங்கும்கூட நிர்வாகி ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது வேறு, எல்லோருக்கும் எந்நேரமும் முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கச் சொல்வது வேறு. முன்னதற்குத் தேவை இருக்கலாம், பின்னதற்கு இல்லை.

அப்படியானால் எந்தக் குறியைத் தேர்ந்தெடுப்பது? நம்மிடையே எளிதாகக் கைக்கு வரும் தேர்வுகள் சில பொருந்தாதவை. நடிகர் படம் வைத்தால் அதே படத்தை வைத்த ஆயிரம் பேரில் நீங்களும் ஒருவர். அடையாளம் காட்டும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. கட்சித் தலைவரையோ சாதித் தலைவரையோ வைத்தால், நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே எதிரில் இருப்பவர் உங்களுக்கான பதிலை முடிவு செய்துவிடுவார். உங்கள் குழந்தையின் படம் உங்களுடையது அல்ல, குழந்தையுடையது. சம்மதம் சொல்லும் வயது வராத ஒருவரின் முகத்தை அறியாதவர்கள் முன் வைக்கப் பெற்றோருக்கும் உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. பள்ளிச் சீருடையும் வாகன எண்ணும் பின்னணியில் தெரியும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. விழாவுக்கும் போராட்டத்துக்கும் படத்தை மாற்றிக்கொள்வது உணர்வின் வெளிப்பாடு. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதற்கொரு விலை உண்டு. 2023 சுதந்திர தினத்தை ஒட்டிப் பிரதமரின் அழைப்பை ஏற்று மூவர்ணக் கொடியை முகப்புப் படமாக்கிய சில கணக்குகள், இந்திய கிரிக்கெட் வாரியத்தின் கணக்கு உட்பட, எக்ஸ் தளத்தில் தம் சரிபார்ப்புக் குறியைத் தற்காலிகமாக இழந்தன. படம் மாறினால் ஆளை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. சக உறுப்பினர்களின் மனமும் ஏறக்குறைய அப்படித்தான் இயங்குகிறது.

நல்ல குறியை உருவாக்க ஓவியராக இருக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் போடும் ஒரு சிக்குக் கோலத்தின் ஒரு முடிச்சு, நீங்கள் வளர்த்த செடியின் ஓர் இலை, உங்கள் தொழிற்கருவியின் நிழலுருவம், உங்கள் கையெழுத்திலேயே எழுதிய ஒரு தமிழ் எழுத்து என எதுவும் போதும். சதுரத் தாளில் ஒற்றைப் பொருளை நடுவில் வைத்து, நன்கு மாறுபடும் இரண்டு நிறங்களில் வரைந்து, மூலைகள் வெட்டுப்பட்டாலும் குறையாதபடி ஓரத்தில் இடம் விடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து, சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் தெளிவாகத் தெரிந்தால் அது தேறிவிட்டது. நான்கைந்து வரைந்து, அவற்றுள் ஒன்றைப் பிறரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஒயிட் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தம் படங்களுள் மாணவர்கள் தாமே தேர்ந்தெடுத்தவற்றைவிட, முன்பின் தெரியாதவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த படங்களே நல்ல முதல் எண்ணத்தை ஏற்படுத்தின. அது முகப் படங்களைப் பற்றிய ஆய்வு என்றாலும், நம்மைப் பிறர் எப்படிக் காண்கிறார்கள் என்பது நமக்குச் சரியாகத் தெரிவதில்லை என்ற பாடம் குறிக்கும் பொருந்தும். கணினியிடம் சொல்லி வரைய வைக்கும் வழியை மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். 2022 இறுதியில் பரவிய லென்சா செயலி, கற்பனை உருவங்கள் செய்து தர ஒருவரிடம் பத்து முதல் இருபது சுயபடங்கள் கேட்டது. 2025 மார்ச்சில் கிப்லி என்ற அசைபட நிறுவனத்தின் பாணியிலான படங்களுக்காக மக்கள் சாட்ஜிபிடியில் குடும்பப் படங்களை ஏற்றினார்கள். கிடைத்தது முகம் மறைத்த ஓவியம், கொடுத்தது முகம். அந்தப் பாணியை உருவாக்கியவர்களின் சம்மதமும் அதில் கேட்கப்படவில்லை.

குழு நடத்துவோரும் தளம் நடத்துவோரும் செய்ய வேண்டியவை தெளிவானவை. படமே வைக்காதவரையும் கண்ணியமாக நடத்தும் ஏற்பாடு முதலில் வேண்டும். ட்விட்டர் பல ஆண்டுகள் புதியவர்களுக்கு ஒரே மாதிரியான முட்டைப் படத்தைக் கொடுத்தது. வசைபாடுவோர் பலர் அதை மாற்றாமலே விட்டதால், முட்டை என்றாலே தொல்லை என்றாகி, பாவம் அறியாத புதியவர்களும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். 2017-இல் நிறுவனமே முட்டையைக் கைவிட்டது. கிட்ஹப் 2013-இல் இதைவிட நல்ல வழியைக் கையாண்டது. ஒவ்வொரு பயனருக்கும் அவருடைய கணக்கிலிருந்தே கணித்து, ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் தனித்தனியான வண்ண வடிவத்தைத் தானாக வழங்கியது. எதுவும் செய்யாதவருக்கும் ஓர் அடையாளம் அமைந்துவிட்டது. தமிழில் குழுச் செயலிகள் உருவாக்குவோர் இதைச் சில மணி நேரத்தில் செய்துவிடலாம். வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. அதன் தொடக்க நிலையே தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என இருந்தால், அமைப்புகளுக்குள் நுழைந்து மாற்றத் தெரியாத நம் பெற்றோரும் காக்கப்படுவார்கள். குழு நிர்வாகிகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சேருபவரிடம் முகம் கேட்பதற்குப் பதிலாக, ஏன் சேர விரும்புகிறார் என்று இரண்டு வரி எழுதச் சொல்லலாம். முதல் சில பதிவுகளைப் பார்த்து அனுமதிக்கலாம். வசைபாடினால் முகம் இருந்தாலும் நீக்கலாம். நடத்தையை அளக்கும் இந்த விதிகளுக்கு நிர்வாகியின் உழைப்பு கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் அவை குறிவைக்கும் இடம் சரியானது.

முகத்தைக் கேட்கும் வழக்கம் இன்னும் இறுகிப்போய்விடவில்லை. இணையக் குழு வாழ்க்கைக்கே நம்மிடம் வயது குறைவு. எந்தப் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறோம் என்பது இப்போது நம் கையில் இருக்கிறது. ஒரு கிராமத்துப் பெண் தன் நிறத்தையும் வயதையும் சாதியையும் பற்றிய யாருடைய ஊகத்துக்கும் ஆளாகாமல் சதுரங்கம் பேசலாம். ஒரு முதியவர் கேலிக்கு அஞ்சாமல் நிரலாக்கம் கற்கலாம். ஒரு மாணவர் தன் ஐயத்தைக் கூச்சமின்றிக் கேட்கலாம். இதற்கெல்லாம் தேவை, ஒரு குறியையும் ஒரு பெயரையும் முழு உறுப்பினராக ஏற்கும் மனம். குழு நிர்வாகிகள் தம் விதிகளிலிருந்து முகக் கட்டாயத்தை நீக்க வேண்டும். முகம் வைத்து எழுதும் மூத்த உறுப்பினர்கள் சிலர் தாமே முன்வந்து குறிக்கு மாற வேண்டும். செல்வாக்கு உள்ளவர்கள் முதலில் மாறினால்தான், குறி வைத்திருப்பவர் சந்தேகத்துக்குரியவர் என்ற எண்ணம் உடையும். முகம் ஒருவருக்குச் சொந்தமானது. அதை எப்போது, யாரிடம் காட்டுவது என்ற முடிவும் அவருக்கே சொந்தம்.